ஒரு தடவை கழுவினால் போதும்

மலையாள நாட்டுக் கரமனை அக்ரகாரத்தில் திவசச் சமையல் என்றால் பாகீரதிதான். இருபது வருஷமாக அதில் மறுபேச்சே கிடையாது. அவளைவிட ருசியாகச் சமைப்பவர்கள் அதே தெருவில் நாலு பேர் உண்டு, அது அவளுக்கே தெரியும். ஆனால் அவள் மடி ஆசாரத்துக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. காய் நறுக்குமுன் கை கழுவுவாள். நறுக்கியபின் கழுவுவாள். கத்தியைக் கழுவுவாள், கத்தியைக் கழுவிய கையைக் கழுவுவாள். குழாய்த் தண்ணீர் தரையில் விழுந்து காலில் தெறித்துவிட்டால் திரும்பப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வருவாள்.

"பாகீரதி சமைச்சா பித்ருக்கள் சீக்கிரமே வந்து காத்துண்டிருப்பா" என்று சாஸ்திரிகள் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து தெருவே அதைச் சொன்னது. புது மருமகள்களுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள். இந்தப் பெண்மணியின் முகத்தில் ஏன் எப்போதும் திகில் அப்பியிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.

போன ஆடியில் ஆனந்தகிருஷ்ணன் வீட்டில் அவருடைய அப்பாவின் திவசம். ஆனந்தகிருஷ்ணன் ஓய்வுபெற்ற என்ஜினீயர், தெருவில் பெரிய மனிதர். பாகீரதி விடிவதற்கு முன்பே போய் அடுப்பு மூட்டினாள். இலை போடும் நேரம் நெருங்கியபோது சாதத்தை வடித்து நிமிர்த்தினாள். வெள்ளைச் சாதத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. விரல் மூட்டுகளுக்கு நடுவே தோல் பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஆனந்தகிருஷ்ணனின் மனைவி நாகலக்ஷ்மி அலறிவிட்டாள். "ஐயோ, சாதத்துலே என்ன மாமி அது!"

சாஸ்திரிகள் எட்டிப் பார்த்தார். அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. "ரத்தமாக்கும். எல்லாத்தையும் கொட்டிடுங்கோ. அடுப்பை மெழுகி வேற ஆள் வைங்கோ. இந்த மாமி ஆத்துக்குப் போகட்டும்."

சுத்தம் போதாது, போதாது என்று கழுவினாள். கழுவியதாலேயே அசுத்தமாகி வெளியே அனுப்பப்பட்டாள். அவளைத் தலைமேல் தூக்கி வைத்ததும் கீழே போட்டதும் ஒரே சட்டம்தான். சாதம் என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள். கை என்ன ஆயிற்று என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில், முதலில் கையைத்தான் கழுவினாள். அவள் கணவர் நாகேஸ்வரன் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் தமாஷாக்கித் தாண்டிப் போய்விடுவார்.

"தெருவுக்கு வர தண்ணியிலே பாதி நம்மாத்துலேதான் போறது. இன்னிக்கு ரத்தத்தையும் சேர்த்து விட்டாச்சா?" என்றவர், அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். "வாடி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சட்டையை எடுத்து மாட்டினார்.

நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். எழுதிவிட்டு, "இது தோல் சீக்கு இல்லை. பக்கத்து ரூமில் அனுஷா இருப்பார், பேசிட்டுப் போங்கோ" என்றார். அனுஷா வியாழக்கிழமைகளில் அங்கே வரும் மனநல ஆலோசகர். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பெண்.

"மாமி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவும்?"

"அதெல்லாம் எண்ணறதுண்டா? இது மடியாக்கும்."

"சரி, மடி. சமைக்கறதுக்கு முன்னாடி எத்தனை தடவை கழுவணும்னு மடியிலே இருக்கு?"

பாகீரதி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "ஒரு தடவை" என்றாள் மெதுவாக.

"அப்போ மிச்சத் தடவை யாருக்காக்கும்?"

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. பெண் விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு வயதாக இருந்தபோது வாந்தியும் பேதியுமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. பார்க்க வந்த ஒரு பெரியப்பா, "அம்மாக்காரி கையைச் சுத்தமா வெச்சுண்டா இதெல்லாம் வருமோ?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வாக்கியம். இவளுக்கு இருபத்தைந்து வருஷம். தன் கையில் ஏதோ இருக்கிறது, அது யாரையோ கொன்றுவிடும் என்ற எண்ணம் அன்று நுழைந்தது. கழுவினால் கொஞ்சம் அடங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும். மறுபடி கழுவுவாள். வேறு ஊரில், வேறு வீட்டில் பிறந்திருந்தால் இதைப் பயம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தத் தெருவில் இதற்கு மாலை போட்டார்கள்.

"பைத்தியமா எனக்கு?" என்று கேட்டாள்.

"இல்லை மாமி. பயம். நெறையப் பேருக்கு உண்டு. சிலருக்கு மாத்திரை வேணும், அதிலே நாணக்கேடு ஒண்ணுமில்லை. உங்களுக்கு முதல்லே இல்லாம முயற்சி பண்ணலாம். மூணு மாசத்துலே குறையலைன்னா டாக்டர்கிட்டே நானே சொல்றேன், கேட்டோ."

முதல் வாரம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணச் சொன்னாள், அவ்வளவுதான். பாகீரதி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். முதல் நாள் அறுபத்துமூன்று கோடு. இரவு கோடுகளைப் பார்த்தபோது அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அறுபத்துமூன்று தடவை! இத்தனை தடவையிலும் பயம் போகவில்லை என்றால், கழுவுவதற்கும் பயம் போவதற்கும் என்ன சம்பந்தம்? இருபத்தைந்து வருஷமாகத் தான் நம்பிய வைத்தியம் வைத்தியமே இல்லை என்று அந்தக் கோடுகள் சொல்லின.

பெங்களூரில் வேலையில் இருந்த விஷ்ணுப்ரியா விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தாள். "அம்மா, அங்கெல்லாம் எதுக்கு? இங்கே ஆன்லைன்லேயே பெரிய ஸ்பெஷலிஸ்ட் இருக்கா. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு. நான் கட்டறேன்."

"வேண்டாண்டி. இங்கே வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு பொண்ணு சும்மாவே கேக்கறா" என்றாள் பாகீரதி. சும்மா என்றது மட்டும் தப்பு. அவளும் அவள் தெருவும் தெருக்கோடியில் கல் சுமப்பவனும் கட்டிய வரியில் நடக்கும் இடம் அது. அங்கே உட்கார்ந்து பேச அவளுக்கு உரிமை உண்டு, யார் தயவும் வேண்டியதில்லை.

அடுத்த வியாழன் சட்டம் வந்தது. கக்கூஸ் போய்விட்டு வந்தால், சமைக்குமுன், சாப்பிடுமுன், நிஜமாகவே அழுக்கைத் தொட்டால், சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவலாம். அதற்குமேல் மனசு கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். ஜபம் கூடாது, புடவையில் துடைக்கக் கூடாது, "என் கை சுத்தமாத்தானே இருக்கு?" என்று பிறரைக் கேட்கவும் கூடாது. கேட்பதும் கழுவுவது மாதிரிதான் என்றாள் அனுஷா. பயம் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும்.

முதல் பத்து நிமிஷம் நரகம். சுவர்க்கடிகார முள் நகரவே மாட்டேன் என்றது. ஒன்பது என்று எழுதினாள். பத்து நிமிஷம் கழித்து எட்டு. அவ்வளவுதான் இறங்கியது. ஆனால் இறங்கியது! தண்ணீர் படாமலே, ஒன்றுமே செய்யாமலே இறங்கியது. சமையற்காரிக்கு அது சட்டென்று புரிந்தது. பொங்கி வரும் பானைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தால் வழியும். தீயைத் தணித்துவிட்டுத் தள்ளி நின்றால் தானே அமுங்கும். இத்தனை நாள் அவள் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பத்து, இருபதாயிற்று. இருபது, ஒரு மணியாயிற்று. இரண்டு மாதத்தில் கோடுகள் பதினெட்டுக்கு வந்தன, கைத்தோல் கூடிற்று. நடுவில் பக்கத்து வீட்டில் ஒரு சாவு. தெரு முழுக்கத் தீட்டுப் பேச்சு. அன்று மூன்று தடவை குளித்தாள், கோடு நாற்பத்தொன்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நோட்டை நீட்டினாள்.

அனுஷா சிரித்தாள். "நாற்பத்தொண்ணு எழுதிக் கொண்டுவந்ததே பெரிய காரியம் அல்லே? நாளைக்கு மறுபடி பத்து நிமிஷத்திலே தொடங்குங்கோ."

பிறகு எளிதிலிருந்து கடினம் வரை பயங்களை வரிசையாக எழுதிவரச் சொன்னாள். ஒவ்வொன்றாக ஏறிக் கடக்க வேண்டும். பத்து எழுதினாள் பாகீரதி. ஏழாவது வந்தபோது அதற்கு ஒரு ஆளின் உதவி வேண்டியிருந்தது.

உலகம்மாள் பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அம்பாசமுத்திரத்துக்காரி. புருஷன் கட்டட வேலைக்கு இங்கே வந்தபோது கூட வந்தவள். அவள் தேய்த்த பாத்திரங்களைக் கொல்லைக் கல்லில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பாகீரதி அவற்றின்மேல் தண்ணீர் விட்டு, மறுபடி தேய்த்து, அப்புறம்தான் உள்ளே எடுப்பாள். காப்பி கொடுக்கத் தனி டம்ளர்.

"நான் கழுவுனத நீங்க திரும்பக் கழுவுததுக்கு எனக்கு எதுக்கு மாமி சம்பளம்? நேரே நீங்களே கழுவுங்களேன்" என்று உலகம்மாள் வருஷத்துக்கு இரண்டு முறையாவது கேட்பாள். அதுவும் தமாஷாகவே போய்விடும்.

அன்று பாகீரதி அவளை உட்காரச் சொல்லி, கையில் இருந்த தாளை வாசித்தாள். "ஏழு, உலகம்மாள் கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவாம அடுப்பிலே ஏத்தறது. நீ கூட நின்னுண்டு என்னைக் கழுவ விடாம பாத்துக்கணும், உலகம்மா."

உலகம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அப்ப உங்க லிஸ்ட்ல நான் ஏழாவது அழுக்கு."

"ஐயோ, அப்படி இல்லைடி."

"பின்ன எப்படி? எட்டாவது என்ன, வாசிங்க."

பாகீரதி தாளை மடிக்கப் பார்த்தாள். "கக்கூஸ் தாழ்ப்பாள்" என்றாள், காதில் விழாத குரலில்.

"நல்லாயிருக்கு! கக்கூஸ் தாழ்ப்பாளுக்கு முந்தி நான்." உலகம்மாள் எழுந்து நின்றாள். "மாமி, உங்களுக்குப் பயம் இருக்குதது நெசந்தான். கையப் பாத்தா தெரியுது, எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஆனந்தகிருஷ்ணன் சார் குடிச்ச டம்ளர ஒரு தடவ கழுவிக் கமுத்துதீய. நான் தொட்டா மூணு தடவ. அவர் கையில இல்லாத கிருமி எங்கையில எங்கேருந்து வந்துச்சு? இது வியாதி இல்ல மாமி. இது உங்க தெரு சொல்லிக் குடுத்தது. என்னய மருந்தா வச்சு இதக் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கப் போறீயளாக்கும்?"

பாகீரதிக்கு முகம் எரிந்தது. பயம் தானாக வழி கண்டுபிடிப்பதில்லை. ஊர் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் வாய்க்காலில்தான் அது ஓடும். அவளுடைய பயம் ஓடிய வாய்க்காலை வெட்டியவர்கள் எப்போதோ செத்துப்போனார்கள். இத்தனை நாள் அதில் நனைந்து நின்றவள் எதிரே நிற்கிறாள். பயத்தை ஏணி வைத்து இறங்கலாம். அநியாயத்தை அப்படி நாளுக்கு ஒரு படியாக இறங்க யாருக்கும் உரிமை கிடையாது. செய்தது தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும்.

அவள் பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தாள். உள்ளே போய், வீட்டு டம்ளர் இரண்டில் காப்பி கொண்டுவந்தாள். ஒன்றை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உலகம்மாள் தேய்த்து வைத்த உருளியை அப்படியே எடுத்து அடுப்பில் ஏற்றினாள். நெஞ்சு நாற்பது நிமிஷம் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டாள்.

"காப்பில சீனி கம்மி" என்றாள் உலகம்மாள், இன்னும் கோபம் தீராமல்.

ஆனால் அவள் மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த மாதம் ஒரு செய்தியோடு வந்தாள். "நான் வீட்டு வேலைய விடுதேன், மாமி. கரமனைப் பாலத்துப் பக்கம் பொம்பளையாள்க சேந்து மத்தியானச் சோத்துக்கடை நடத்துதோம். தெனம் நூத்தம்பது சாப்பாடு. சாம்பார் வைக்க ஆளில்ல. வாரீயளா?"

பாகீரதி அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனந்தகிருஷ்ணன் வீட்டு விஷயத்துக்குப் பிறகு திவசச் சமையலுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அடுப்படியில் நின்றால்தான் தான் தானாக இருப்பதாக நினைக்கிறவள் அவள். அந்த இடம் போனது கை வெடித்ததைவிட வலித்தது. இப்போது ஒரு அடுப்பு கிடைக்கிறது. ஆனால் நூற்றைம்பது பேர்! தன் கையால்!

கடையின் பொறுப்பில் இருந்த ஷிஜா கறாரான பெண். மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். "நோக்கூ மாமி, இங்கே ஒரே பைப்பு. பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் அங்கே யாரும் சும்மா நிக்கக் கூடாது. ஒரு வாரம் பாக்கலாம். சரியா வந்தா நீங்களும் பங்காளி."

கை சுத்தமா என்று தான் கேட்டால் பதில் சொல்லாதே என்று பாகீரதி உலகம்மாளிடம் முன்பே சொல்லிவைத்தாள். முதல் நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள், கடைசி அறுபது பேருக்கான இரண்டாவது அண்டாப் புளிக்குழம்பு கொதிக்கும்போது, புளி கரைக்குமுன் கை கழுவினோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. கழுவியிருந்தாள், அவளுக்கே நினைவிருந்தது. ஆனால் நினைவைச் சந்தேகம் தின்றுவிட்டது. யாரும் தடுப்பதற்குள் அண்டாவைச் சாய்த்துக் குழம்பு முழுவதையும் சாக்கடையில் ஊற்றினாள். அன்று அறுபது பேர் வெறும் மோரோடு சாப்பிட்டார்கள்.

ஷிஜா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆனா முடியாது, மாமி. அறுபது பேர் பணி செய்யற ஆளுங்க. காலையிலே ஒண்ணும் கழிக்காம, பட்டினியா வர்றவங்க."

பாகீரதி போய் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். நூற்றைம்பது பேருக்குத் தீங்கு வந்துவிடுமோ என்று நினைத்தேன். அறுபது பேரின் குழம்பைக் கொட்டினேன். தீங்கு இதுதான்.

ஆறாம் நாள், பன்னிரண்டே கால். வெளியே வரிசை நீண்டிருந்தது. சிலிண்டர் கொண்டுவரும் சுதீஷ் வாசற்படியில் டீசல் சிந்திவிட்டான். "மாமி, ஆ பினாயில் குப்பி ஒண்ணு எடுத்துத் தாங்கோ" என்றான். எடுத்துக் கொடுத்தாள். சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவினாள். இது சட்டப்படி கழுவ வேண்டிய கழுவல். திரும்பி வந்து சாம்பாருக்கு உப்புப் போட்டாள்.

உப்பு விரலை விட்டுப் போன அந்த நொடியில் வந்தது. நகக்கண்ணில் பினாயில் இருந்திருந்தால்? உப்போடு உள்ளே போயிருந்தால்? அண்டாவைச் சுற்றி எல்லாம் மங்கிற்று. காது அடைத்தது. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுவது கண்முன் ஓடியது. அவள் கை அண்டாவின் விளிம்புக்குப் போனது. சாய்த்தால் போதும். சாய்த்தால் நெஞ்சு அடங்கும். சாய்த்தால் இந்த அடுப்பும் போகும்.

"உலகம்மா!" என்று கூப்பிட்டாள். "நான் கை கழுவினதை நீ பாத்தே இல்லே? சோப்புப் போட்டு..."

சோறு அள்ளிக்கொண்டிருந்த உலகம்மாள் திரும்பினாள். அவள் பார்த்திருந்தாள். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் தெளிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"கேக்காதீய மாமி. சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லாதேன்னு சொன்னது."

"ஒரே ஒரு தடவைடி."

"ஒரு தடவதான கழுவணும்? கழுவியாச்சு. கரண்டிய எடுங்க. வெளிய ஆள் நிக்குது."

பாகீரதி கரண்டியை எடுத்தாள். பயத்தோடே ஊற்றினாள். பயம் போகட்டும், பிறகு ஊற்றலாம் என்று காத்திருந்தால் ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டியதுதான் என்று அவளுக்கு இப்போது தெரியும். முதல் தட்டு. பத்தாவது தட்டு. ஒன்பது என்று மனசுக்குள் எழுதினாள். நாற்பதாவது தட்டில் எட்டு. குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. நூறு தாண்டியபோது எண்ணிக்கை தவறிவிட்டது. தவறியதும் நல்லதாயிற்று, யாருக்கோ ரசம் வேண்டும், யாருக்கோ அப்பளம் வேண்டும், அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணிக்கு நினைவு வந்து பார்த்தபோது நாலு.

கடைசியில் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, அதே சாம்பாரை ஊற்றி, உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது ஆட்டோ ஓட்டும் யூசுப் கை கழுவிவிட்டுக் கல்லாப் பக்கம் வந்தார். "ஷிஜா சேச்சி, ஒரு கம்ப்ளெயின்ட் உண்டு." பாகீரதியின் கவளம் பாதியில் நின்றது. "இன்னிக்குச் சாம்பாரு வச்சது யாரு? உப்பு, ஒரே உப்பு! கடல்லேருந்து கோரி ஊத்தின மாதிரி."

பாகீரதி வாயில் போட்டுப் பார்த்தாள். வாஸ்தவம். பயத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறாள்.

இருபது வருஷத்தில் அவள் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. பித்ருக்கள் சாப்பிடும் சாப்பாட்டில் உப்புப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? எத்தனை நாள் உப்பில்லாமலும் புளிப்பேறியும் பரிமாறினாளோ, ஒருவரும் சொல்லவில்லை. இந்த மனிதர் மூஞ்சிக்கு நேரே சொல்கிறார், பல் குத்திக்கொண்டு, செத்து விழாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தான் வெச்சேன். உப்பு ஜாஸ்தியாயிடுத்து. நாளைக்குச் சரியா இருக்கும்."

"நாளைக்கு சாம்பார் இல்லை" என்றாள் ஷிஜா, கல்லாவை மூடிக்கொண்டே. "வெள்ளிக்கிழமை புளிக்குழம்பு. ஏழு மணிக்கு வந்துருங்கோ மாமி. பிறகு, பங்காளி நோட்டிலே கையொப்பிடணும், ஆதார் கொண்டு வாங்கோ."

பாகீரதி தட்டை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். எச்சில் கையைக் கழுவினாள், ஒரு தடவை. மனசு இன்னொன்று கேட்டது; நாளைக்கும் கேட்கும். குழாயைத் திருகி மூடிவிட்டு, நாளைக்கு எவ்வளவு புளி ஊற வைக்க வேண்டும் என்று உலகம்மாளைக் கேட்டாள்.